முழுமையாக டிஸ்சார்ஜ் ஆனவர்

மெத்தைக் கடை வைத்திருப்பவருக்கு முதுகில் கட்டி வருவது, சமையல்காரருக்கு நாக்கில் புண் வருவது மாதிரி. தொழிலே படுத்துவிடும். கடைத்தெரு முழுக்க அவரை மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடும். வாடிக்கையாளர் வந்தால் மல்லாந்து படுத்து, கையைக் காலை விரித்து, கண்ணை மூடி, "இப்படிப் படுத்தா கவலையெல்லாம் அப்படியே கீழ இறங்கிடும்" என்று காட்டுவதுதான் அவருடைய வியாபார உத்தி. கட்டி வந்த பிறகு அவரால் குப்புறத்தான் படுக்க முடிந்தது. குப்புறப் படுத்துக் காட்டி யாருக்கும் மெத்தை விற்க முடியாது. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்ததும் மனைவி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான். சனிக்கிழமை மகள் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறாள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கடல் தாண்டிக் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தப்படி இரண்டு வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. விமான நிலையம் வரைக்கும் வந்து வழியனுப்புவதாக அவர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

டாக்டர் தைரியம் சொன்னார். "சின்ன வேலைங்க. கீறி எடுத்துத் தையல் போட்டா புதன்கிழமை டிஸ்சார்ஜ்."

சொன்னபடியே கீறினார், எடுத்தார், தைத்தார். பிறகு ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பிப் போய்விட்டார். மெத்தைக்காரரின் சட்டை, பேண்ட், செருப்பு எல்லாம் ஒரு பையில் கட்டப்பட்டுக் கீழ்த்தளத்துக்குப் போயின. போகும்போதுதான் திருப்பித் தருவார்களாம். அதுவரைக்கும் முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு நீல அங்கி.

புதன்கிழமை காலை பெரிய நர்ஸ் வந்தார். கட்டைப் பிரித்தார், பஞ்சால் ஒற்றினார், பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டிஸ்சார்ஜ் இருக்கு."

மெத்தைக்காரர் குப்புறப் படுத்தபடியே கும்பிட்டார். "ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். என் துணிய எங்க வாங்கிக்கணும்?"

"துணி எதுக்கு?"

"வீட்டுக்குப் போகத்தான்."

"டிஸ்சார்ஜ் இருக்குங்கறேன், வீட்டுக்குப் போறேங்கறீங்க."

"இருக்குன்னு நீங்க சொன்னதாலதான சிஸ்டர் போறேங்கறேன்."

நர்ஸ் பஞ்சைக் கீழே போட்டார். அவருக்கு இது புதிதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஐயா, டிஸ்சார்ஜ் இருக்கறவங்கள எப்படி டிஸ்சார்ஜ் பண்றது? டிஸ்சார்ஜ் நின்னாத்தான் டிஸ்சார்ஜ். புண்ணுல நீர் கசியுது, அதுக்குப் பேரு டிஸ்சார்ஜ். வீட்டுக்கு அனுப்பறதுக்குப் பேரும் அதேதான். நான் வெச்ச பேரு இல்ல."

மெத்தைக்காரர் மனைவிக்கு போன் போட்டார். "டிஸ்சார்ஜ் இருக்காம். அதனால டிஸ்சார்ஜ் இல்லையாம்."

"என்னங்க, மயக்க மருந்து இன்னும் தெளியலையா?" என்று கேட்டாள் அவள்.

அன்று முழுக்க அவர் அசையாமல் கிடந்தார். அசைந்தால் கசியுமோ என்று இருமலைக்கூட விழுங்கினார். வியாழக்கிழமை பஞ்சு உலர்ந்து வந்தது. "டிஸ்சார்ஜ் இல்ல" என்றார் நர்ஸ், தன் வீட்டு நல்ல செய்தி மாதிரி. அங்கேயே போனை எடுத்துக் கீழ்த்தளத்துக்குச் சொன்னார்: "பதினோராம் படுக்கை. டிஸ்சார்ஜ் இல்ல. அதனால டிஸ்சார்ஜ்..."

அதற்குள் அந்தப் பக்கம் "சரி, இல்லன்னு குறிச்சுக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்கள். மத்தியானம் வரைக்கும் யாரும் வரவில்லை. நர்ஸ் திரும்பக் கூப்பிட்டால், ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு ஒரு தகவல்தான் என்றார்கள். மெத்தைக்காரர் அங்கியின் பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு தானே இறங்கிப் போனார்.

கீழ்த்தளத்தில் 'டிஸ்சார்ஜ் பிரிவு' என்று பெரிய பலகை இருந்தது. அதற்குக் கீழே 'ஒரு சொல், ஒரு பிரிவு' என்று இன்னொரு பலகை. சுவரோரம் நீளமான பெஞ்சு. பெஞ்சின் ஒரு முனையில் வேலையை விட்டு அனுப்பப்படக் காத்திருந்த லிஃப்ட் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸிலிருந்து கழற்றிய பாட்டரி. பாட்டரிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளி. அதில் என்ன இருக்கிறது என்பதை வாசனை சொன்னது. மெத்தைக்காரர் வாளிக்கு அடுத்தபடியாக உட்கார்ந்தார். எல்லோருக்கும் டோக்கன் உண்டு. முதலில் பாட்டரியைக் கூப்பிட்டார்கள். பிறகு வாளியை. பிறகுதான் அவரை.

பிரிவுத் தலைவர் மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மாதிரிதான் தெரிந்தார்.

"முன்னாடி எல்லாம் இந்த ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ்ங்கற ஒரு வேலைய ஆளுக்கு ஒரு மூலையில பார்த்துகிட்டிருந்தாங்க. பாட்டரி இறங்கிச்சான்னு பார்க்க மின்சாரப் பிரிவு. கழிவுத் தண்ணி வெளிய விட வடிகால் பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவர விடுவிக்க சட்டப் பிரிவு. ஊழியர வீட்டுக்கு அனுப்ப நிர்வாகப் பிரிவு. நோயாளிக்கு வார்டு. ஒரே சொல்லுக்கு அஞ்சு வாசல். பார்க்கறதுக்கே சகிக்கல. எங்க இயக்குநர் ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்தார். வந்த அன்னிக்கே எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டார். இப்ப யார் போறதா இருந்தாலும், எது போறதா இருந்தாலும், ஒரே நடைமுறை."

"அப்ப சுலபமாயிடுச்சு" என்றார் மெத்தைக்காரர் நம்பிக்கையோடு.

"ரொம்ப. மின்சாரம், வடிகால், சட்டம், நிர்வாகம், நாலும் ஒத்துக்கிட்டா அஞ்சாவது தானா நடந்துடும். புண்ணுல கசியற டிஸ்சார்ஜ் மட்டும்தான் இன்னும் வார்டுகிட்ட இருக்கு. விட்டுக் குடுக்க மாட்டேங்கறாங்க. கேட்டுகிட்டிருக்கோம்."

"ஐயா, நான் மனுஷன். பாட்டரிக்கு உண்டானதெல்லாம் எனக்கு எதுக்கு?"

தலைவருக்கு முகம் வாடியது. "பாட்டரியும் இதையேதான் கேட்கும், வாய் இருந்தா. ஆளுக்கு ஆள் விலக்கு குடுத்தா அப்புறம் பிரிவு எதுக்குங்க?"

மெத்தைக்காரர் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னார். மகள், விமானம், இரண்டு வருஷம். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கவும் செய்தார். "எனக்கும் பொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, வடிகாலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

வடிகால் பொறியாளர் ஒல்லியான மனிதர், கையில் அளவுக் குவளை. "ஒரு நாளைக்கு எவ்வளவு வெளியேத்தறீங்க?"

"எதைங்க?"

"எதையானாலும். எந்த வாய்க்கால் வழியா, எந்த வேகத்துல, எந்த நிறத்துல. எனக்கு நுழையற தண்ணிக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் வித்தியாசம் தெரியணும்."

மெத்தைக்காரர் வெட்கத்தைத் தூர வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார், குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், வந்தார். பொறியாளர் குவளையில் ஒரு தாளை நனைத்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக அவரை மரியாதையோடு பார்த்தார்.

"நம்ம சமையலறையிலேருந்து வர்ற தண்ணியவிட உங்களது எவ்வளவோ தேவலாம். தாராளமா ஆத்துல விடலாம் உங்கள."

ஒன்று முடிந்தது. அடுத்தது சட்டம். சட்ட அதிகாரி அவரை உட்காரவைத்துக் கேட்டார்: "உங்க மேல என்ன குற்றச்சாட்டு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"நிஜமாவே ஒண்ணும் இல்லீங்க. கட்டிதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டாங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "குற்றமே சாட்டப்படாதவர எதுலேருந்து விடுவிக்கறது? சும்மா இருக்கறவர சும்மா விட்டா அதுக்குப் பேரு விடுதலையா? முதல்ல உங்க மேல ஏதாவது ஒண்ணு இருக்கணும். அப்புறம் அது இல்லன்னு நான் சொல்லணும். நீங்களே ஒத்துழைச்சா சீக்கிரம் முடியும்."

மெத்தைக்காரர் தன் ஆயுசு பூராவையும் மனசுக்குள் துழாவிப் பார்த்தார். இந்தக் கட்டடத்துக்குள் தான் செய்த ஒரே ஒரு காரியம் ஞாபகம் வந்தது. வார்டு மெத்தையை யாரோ தலைகீழாகப் போட்டிருந்தார்கள். பஞ்சு அடர்ந்த பக்கம் அடியில், கம்பி உறுத்துகிற பக்கம் மேலே. தொழில்காரருக்குப் பொறுக்கவில்லை, வந்த அன்றே எழுந்து புரட்டிப் போட்டிருந்தார். அதைச் சொன்னார்.

சட்ட அதிகாரியின் முகம் மாறியது. "அனுமதி இல்லாம ஆஸ்பத்திரிச் சொத்தோட நிலைய மாத்தியிருக்கீங்க. இது கொஞ்சம் கடுமையான விஷயம்."

"நீங்கதான ஏதாவது ஒண்ணு சொல்லச் சொன்னீங்க?"

"இவ்வளவு பெருசா இருக்கும்னு நான் எதிர்பார்க்கல."

வெள்ளிக்கிழமை காலை விசாரணை நடந்தது. இரண்டு பேர் மெத்தையைச் சுமந்து கொண்டுவந்து அதிகாரியின் அறையில் போட்டார்கள். புரட்டுவதற்கு முன் எப்படி, புரட்டிய பின் எப்படி என்று நேரில் பார்த்தாக வேண்டும் என்றார் அதிகாரி. முதலில் கம்பிப் பக்கத்தில் படுத்துப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு மெத்தையைப் புரட்டச் சொல்லிப் படுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் பழக்கதோஷத்தில், "கைய விரிங்க ஐயா, கண்ண மூடுங்க" என்றார். அதிகாரி விரித்தார், மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லாததால் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி எழுந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

நிர்வாகப் பிரிவு அதைவிடச் சுருக்கமாக முடிந்தது. வேலையிலிருந்து அனுப்ப வேண்டுமென்றால் முதலில் வேலையில் சேர்க்க வேண்டும். அவரைத் தற்காலிக மெத்தை ஆய்வாளராக நியமித்தார்கள். கைகுலுக்கி வாழ்த்தினார்கள். போய்ப் படுக்கையில் குப்புறப் படுத்தார். அரைமணி நேரத்தில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் படுத்திருந்த காரணத்துக்காக அவரைப் பணிநீக்கம் செய்தார். சின்ன வயதிலிருந்து சொந்தக் கடையிலேயே இருந்தவர். ஒருவரும் இதுவரை அவரை வேலையை விட்டு நீக்கியதில்லை. வீட்டுக்குப் போக அது ஒரு படி என்று தெரிந்தும் அவருக்கு அவமானமாக இருந்தது.

கடைசியாக மின்சாரம். எலக்ட்ரீஷியன் வயசாளி, கூச்ச சுபாவம். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் மெத்தைக்காரரின் இரண்டு கட்டைவிரல்களில் வைத்தார். முள் லேசாக நடுங்கியது.

"கொஞ்சம் சார்ஜ் இருக்கு சார்."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"முள்ளு பூஜ்யத்துக்கு வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடலாம். எனக்கே இது சங்கடமாத்தான் இருக்கு. பாட்டரின்னா ஒரு பல்ப மாட்டி விட்டுடுவேன், தானா இறங்கிடும்." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்குக் காலைல வாங்க. பின்பக்கம் முற்றத்துல தண்ணிக் குழாய் இருக்கு. வெறுங்காலோட ஈரத்தரையில நின்னு குழாயப் பிடிச்சுக்குங்க. பூமிக்குள்ள இறங்கிடும்."

அன்று சாயங்காலம் மெத்தைக்காரர் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தார். காவலாளி மரியாதையாகவே பேசினார். "உள்ள பிரிவும் சரின்னு சொல்லணும், வார்டும் சரின்னு சொல்லணும். ரெண்டும் இருந்தா நானே ஆட்டோ பிடிச்சுத் தர்றேன்." நீல அங்கியோடு தெருவில் ஓடுவது பற்றியும் அவர் யோசிக்காமல் இல்லை. ஓடினால் தையல் பிரியும். பின்பக்கம் முடிச்சும் பிரியும்.

மகளிடம் போனில் சொன்னார். "நாளைக்குக் காலைல ஒரு சின்ன வேலை பாக்கி. முடிஞ்சதும் நேரா அங்க வந்துடறேன்."

"வேணாம்ப்பா. போற வழியில நானே வந்து பார்த்துட்டுப் போறேன்."

சனிக்கிழமை காலை அவர் முற்றத்தில் நின்றார். வெறுங்கால், ஈரத்தரை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்த இரும்புக் குழாய். பக்கத்தில் ஸ்டூல் போட்டு எலக்ட்ரீஷியன் மீட்டரோடு உட்கார்ந்திருந்தார். முள் இறங்கும், திரும்ப ஏறும். அங்கி உரசுவதால் ஏறுகிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மூச்சைச் சின்னதாக விடச் சொன்னார். நடுவில் குழாயை விட்டால் முதலிலிருந்து பிடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

வாசல் பக்கம் கார் வந்து நின்றது. மனைவி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மகள், புதுச் சட்டை, தோளில் பை. அப்பாவைப் படுக்கையில் தேடியிருக்கிறார்கள். நர்ஸ் முற்றத்துக்கு அனுப்பியிருக்கிறார். மகள் பார்த்தது, நீல அங்கி போட்ட ஒரு மனிதர் மழையில் நனைந்தவர் மாதிரி குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதை.

"அப்பா, என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லடா. கொஞ்சம் மின்சாரம் இருந்துச்சு. இறக்கிகிட்டிருக்கேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எங்கேயோ பார்த்தாள்.

"நேரமாச்சுப்பா. டிரைவர் கத்தறார்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ஸ்வெட்டர் கைப்பையில இருக்குதா? பெரிய பெட்டியில போட்டா நடுவில எடுக்க முடியாது."

"கைப்பையிலதாம்ப்பா இருக்கு."

சொல்ல வேண்டியவை எவ்வளவோ இருந்தன. குழாயைப் பிடித்துக்கொண்டு அவற்றைச் சொல்ல வரவில்லை. மகள் ஒரு அடி முன்னால் வந்தாள். "தொடாதீங்கம்மா, ஏறிடும்" என்று சொல்ல எலக்ட்ரீஷியன் வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மெத்தைக்காரர் குழாயை விட்டார்.

அவள் கட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் கட்டிக்கொண்ட மாதிரி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, பலமாக. முதுகில் ஏதோ ஒன்று பிரிவது அவருக்குத் தெரிந்தது. வலித்தது. அவர் விடவில்லை. கார் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகு அவளே விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். மனைவியும் கூடப் போனாள். யாராவது ஒருவர் வழியனுப்ப வேண்டுமே.

எலக்ட்ரீஷியன் அவருடைய கட்டைவிரல்களைப் பிடித்துக் கம்பியை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். "சுத்தமா இறங்கிடுச்சு சார்" என்று மெதுவாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கீழ்த்தளத்தில் ஒரே கொண்டாட்டம். நான்கு வாசலையும் தாண்டி வந்த முதல் மனிதர் அவர்தான். மற்ற நோயாளிகள் எல்லாம் வடிகாலிலோ சட்டத்திலோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானமே கூட்ட அரங்கில் விழா. மெத்தைக்காரரை அதே அங்கியோடு மேடையில் உட்காரவைத்தார்கள். அவர் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அடக்கமான மனிதர் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இயக்குநர் பேசினார். "நண்பர்களே, நோயாளி குணமாகலாம், குணமாகாமலும் போகலாம். அது அவரவர் உடம்பைப் பொறுத்த விஷயம். ஆனால் நடைமுறை குணமாக வேண்டும். அது நம் கையில் இருக்கிறது. இவருக்கு முன்னால் இந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் அரைகுறையாகப் போனவர்கள். அவர்கள் மேல் எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருந்தது, என்ன குற்றம் மிச்சம் இருந்தது என்று நமக்குத் தெரியுமா? தெரியாது. ஏன், அவர்கள் நலமாகத்தான் போனார்களா என்பதுகூட நமக்குத் தெரியாது. இவரைப் பற்றி எல்லாம் தெரியும். இவர் முழுமையாக டிஸ்சார்ஜ் ஆனவர்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பிரிவுத் தலைவர் மேடையேறி, கட்டிவைத்திருந்த துணிப்பையை அவரிடம் கொடுத்தார். வாங்குவதற்காக அவர் எழுந்து திரும்பியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய நர்ஸ் அவருடைய முதுகைப் பார்த்தார். அங்கி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, உங்களுக்கு டிஸ்சார்ஜ் ஆகுது" என்றார் நர்ஸ்.

"அதைத்தானே இவ்வளவு நேரம் பேசினோம்" என்றார் இயக்குநர். மறுபடியும் கைதட்டினார்கள்.

வார்டுக்குப் போனதும் நர்ஸ் கட்டைப் பிரித்தார். இரண்டு தையல் விட்டிருந்தது, நீர் கசிந்துகொண்டிருந்தது. இப்படியே வெளியே விட்டால் சீழ் பிடிக்கும், விட மாட்டேன் என்றார். அதே நேரத்தில் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து, பதினோராம் படுக்கை காலியாகிவிட்டதாகச் சொல்லி அதில் ஒரு குடலிறக்கக்காரரைப் படுக்கவைத்தார்கள். கணினிக் கணக்குப்படி மெத்தைக்காரர் போய்விட்டார். போனவருக்குச் சாப்பாடு கிடையாது, மருந்து கிடையாது, படுக்கை கிடையாது. வாசலுக்குப் போனால் வார்டு என்ன சொல்கிறது என்று காவலாளி கேட்டார். வார்டு முடியாது என்றது.

"பிரிவுல கேளுங்களேன்" என்றார் நர்ஸ்.

கேட்டார். பிரிவுத் தலைவர் மிகவும் வருத்தப்பட்டார். "போனவங்கள திரும்ப டிஸ்சார்ஜ் பண்ண வழி இல்லீங்க. வேணும்னா நீங்க மறுபடி சேர்ந்துக்கலாம். சேர்ந்தீங்கன்னா வடிகாலிலேருந்து ஆரம்பிக்கலாம்."

மெத்தைக்காரர் அவரைத் திட்ட நினைத்தார். என்ன வார்த்தை சொல்லித் திட்டுவது என்று தேடினார். எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதற்கும் ஒரு பிரிவு இருக்குமோ என்று பயமாக இருந்தது. பேசாமல் மேலே வந்துவிட்டார்.

வார்டுக்கு வெளியே நடைவழியில் ஒரு மரப்பெஞ்சு இருந்தது. அதில் குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு மருந்து போட்டு முடித்ததும் நர்ஸ் சத்தமில்லாமல் வந்து, மிச்சமிருந்த பஞ்சால் அவருக்கும் துடைத்துவிட்டுப் போனார். மனைவி வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தாள். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். விமான நிலையத்தில் மகள் உள்ளே போகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்ததையும், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்ததையும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அங்கே போய்ச் சேர்ந்து போன் செய்தாள். குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி தெளிவாக இருந்தது. அறை சின்னது, ஜன்னல் பெரியது, குளிர் பரவாயில்லை, நாளைக்கு வேலையில் சேர வேண்டும் என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்க வீட்டுக்கு வந்தாச்சாப்பா?"

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடைவழியில் யாரோ ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெத்தைக்காரர் போனைக் கையால் பொத்தி, அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"வந்துகிட்டே இருக்கேன்மா" என்றார். "வழியில கொஞ்சம் கூட்டம்."